செல்ஃப் எடுக்காத கார்: வோல்டேஜ் எங்கே தொலைகிறது?

கார் செல்ஃப் எடுக்காமல் போனால் பெரும்பாலோர் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள். அப்போதும் சரியாகாவிட்டால் செல்ஃப் மோட்டாரை மாற்றுகிறார்கள். இரண்டுமே செலவு பிடிக்கும் பொருள்கள். அவற்றுக்கு நடுவில் இருக்கும் தடித்த கேபிள்களையும், பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உடலோடு சேர்க்கும் எர்த் இணைப்பையும், சாவி சுவிட்சையும், அதிலிருந்து, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்தச் சுவிட்சான சொலினாய்டுக்குப் போகும் ஒற்றை வயரையும் அளந்து பார்ப்பவர்கள் குறைவு. எங்கள் வீட்டுக் காரில் பேட்டரியும் மோட்டாரும் நன்றாகவே இருந்தன. கோளாறு முழுவதும் அந்த நடுப்பகுதியில்தான் இருந்தது. சாதாரண மல்டிமீட்டர் ஒன்றைக் கொண்டு வீட்டு வாசலிலேயே அதைக் கண்டுபிடித்த விதத்தை, இதே தொல்லையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று விரிவாக எழுதுகிறேன்.

வண்டி 1990களின் பிற்பகுதியில் அப்பா வாங்கிய, கார்புரேட்டர் வைத்த, மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். தூத்துக்குடியில், உப்பளங்களிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு தெருவில், பக்கங்கள் திறந்த தகரக் கொட்டகையின் கீழ் நிற்கிறது. ஆண்டு முழுவதும் உப்புக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரமும் சேர்ந்துகொள்ளும். அப்படி ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு, காலையில் செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் சோம்பலாகச் சுற்றத் தொடங்கியது. அடுத்து, வெயிலில் ஓட்டிவிட்டு நிறுத்திய வண்டியைத் திரும்ப எடுக்கப் போனால், ‘டிக்’ என்ற மெலிந்த ஓசையோடு நின்றுவிடும். நிழலில் சற்று நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். வண்டியைக் காட்டிய ஒர்க்ஷாப்பில், மோட்டார் தேய்ந்துவிட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். பேட்டரி டெர்மினலை ஆட்டிப் பார்த்ததைத் தவிர அவர்கள் வேறு எதையும் சோதிக்கவில்லை. அளக்காமல் சொன்ன முடிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

மீட்டரை எடுப்பதற்கு முன்பு காது கொடுத்துக் கேட்க வேண்டும். சொலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு: பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை இழுக்கும் சுருள் ஒன்று, இழுத்ததைப் பிடித்து வைக்கும் சுருள் ஒன்று. பிளஞ்சர் உள்ளே போய், செம்புத் தகட்டால் இரண்டு தடித்த முனைகளையும் சேர்த்ததும், மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேல் உறிஞ்சத் தொடங்கும். பேட்டரி பலவீனமாகவோ டெர்மினல் பிடிப்பு மோசமாகவோ இருந்தால், வோல்டேஜ் அந்த நொடியிலேயே சரிந்து, பிடிக்கும் சுருள் பிடியை விட்டுவிடும். விட்டதும் வோல்டேஜ் ஏறும், மறுபடியும் இழுக்கும். சாவியைத் திருப்பியதும் ‘டக டக டக’ என்று விடாமல் கேட்கும் ஓசைக்கு இந்தச் சுழற்சிதான் காரணம். ‘டொக்’ என்று அழுத்தமாக ஒரே அடி கேட்டு என்ஜின் அசையாவிட்டால், சொலினாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். அந்தச் செம்புத் தகடு கருகியிருக்கலாம், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்து, மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரைத் தொடாமல் இருக்கலாம். ஓசையே இல்லை, அல்லது மெலிதாக ஒரு ‘டிக்’ மட்டும் என்றால், பெரும்பாலும் சொலினாய்டுக்கே போதிய மின்சாரம் போய்ச் சேரவில்லை. மோட்டார் ‘விர்’ரென்று தனியாகச் சுற்றி, என்ஜின் சும்மா இருந்தால், மோட்டாரை என்ஜினோடு கோக்கும் பல்சக்கரமான பெண்டிக்ஸ் பழுது, அதற்கு வயரிங்கைத் தேடிப் பயனில்லை.

எங்கள் வண்டியில் காலையில் மந்தமான சுற்றும், மதியத்தில் மெலிந்த ‘டிக்’கும் இருந்தன. தடித்த கேபிள் வழியே மோட்டாருக்குப் போகும் பாதையும், சாவி வழியே சொலினாய்டுக்குப் போகும் பாதையும் வெவ்வேறு என்பதால், இவற்றை இரண்டு தனித்தனிப் பழுதுகளாகவே எண்ணித் தேடத் தொடங்கினேன்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகளில் சுணக்கம் கூடவே கூடாது. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் முழுவதும் இழுத்திருக்க வேண்டும், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைக்க வேண்டும். கையில் மோதிரமோ உலோகப் பட்டையுள்ள கைக்கடிகாரமோ இருக்கக் கூடாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால், கழற்றுவதற்குள் அது விரலைச் சுட்டுவிடும். கழற்றும்போது நெகட்டிவ் டெர்மினலை முதலிலும், மாட்டும்போது அதையே கடைசியிலும் கையாள வேண்டும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், அதன் மேல் தீப்பொறி விழக் கூடாது. என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் செய்தால்தான் நிதானமாக அளக்க முடியும்; அதற்காக இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய பாசிட்டிவ் வயரைக் கழற்றி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டேன். இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்பின் பியூஸைக் கழற்றிவிட்டு, என்ஜின் நிற்கும் வரை ஓடவிட்ட பின் சோதிப்பது வழக்கம்.

தொடர்ந்து செல்ஃப் அடிக்கும் நேரத்திலும் கட்டுப்பாடு தேவை. 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தபோது அதைச் சாத்தியமாக்கிய எண்ணமே, சில நொடிகள் மட்டும் ஓடினால் போதும் என்பதால் ஒரு சிறிய மோட்டாரின் மேல் அதன் தாங்குதிறனுக்கும் அதிகமான சுமையை ஏற்றலாம் என்பதுதான். இன்றைய மோட்டாரும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே ஒரு தடவைக்கு ஐந்து நொடிகளுக்கு மேல் அடிக்காமல், அடுத்த தடவைக்கு முன் அரை நிமிடமாவது ஆறவிட்டேன்.

பேட்டரியை விரைவாகவே முடித்துவிடலாம். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, மேலோட்டமான சார்ஜைப் போக்கிய பிறகு அளந்தால், முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டும், பாதிச் சார்ஜில் 12.2 வோல்ட் அளவிலும் காட்டும். எங்களுடையது 12.5. என்ஜினைச் சுற்றவிட்டபோது, பேட்டரியின் ஈய முனைகளிலேயே நேரடியாக அளந்ததில் 10.6 வோல்ட் நின்றது. 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். ஆக, பேட்டரி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இனிமேல்தான் முக்கியமான இடம் வருகிறது. பேட்டரி கொடுக்கும் 10.6 வோல்ட்டில் எவ்வளவு மோட்டாருக்குக் கிடைக்கிறது? இதை அறிய, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையிலும், மறு முனையைச் செல்ஃப் மோட்டாரின் உடல் இரும்பில் சுரண்டிப் பளிச்சென்றாக்கிய ஓர் இடத்திலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். சாவி திரும்பாதபோது மீட்டர் பூஜ்யம் காட்டும். என்ஜின் சுற்றும்போது காட்டும் எண்தான் அந்த வழியில் தொலையும் வோல்டேஜ். எர்த் பக்கத்தில் 0.2 அல்லது 0.3 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். மகன் சாவியைத் திருப்பியதும் எங்கள் மீட்டர் 1.1 காட்டியது. பாசிட்டிவ் பக்கத்தில், பேட்டரி முனைக்கும் மோட்டாரின் தடித்த முனைக்கும் இடையே 0.2 மட்டுமே. சொலினாய்டின் இரண்டு தடித்த முனைகளுக்கு நடுவே, சுற்றும் நேரத்தில் 0.1. அதாவது செம்புத் தகடும் சுத்தமாக இருக்கிறது, பாசிட்டிவ் கேபிளும் நன்றாக இருக்கிறது. மோட்டாருக்குக் கிடைத்தது 9.3 வோல்ட்; அதை இவ்வளவு குறைத்தது எர்த் பாதைதான்.

இதே எர்த் கேபிளை முதல் நாள் ஓம் அளவில் வைத்துச் சோதித்தபோது மீட்டர் குறை எதையும் காட்டவில்லை. அது இயல்புதான். சுமார் 120 ஆம்பியர் ஓடும்போது 1.1 வோல்ட் தொலைகிறது என்றால், அந்தப் பாதையின் தடை ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீட்டரின் வயர்களுக்கே 0.2 ஓம் தடை இருக்கும்போது, இவ்வளவு சிறிய தடையை அது எப்படிக் காட்டும்? டெஸ்ட் லேம்ப் வைத்தாலும் இதே கதைதான்: கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பல்ப் பிரகாசமாக எரியும், மோட்டார் மட்டும் சுற்றாது. ஆகவே செல்ஃப் பாதையை, முழு மின்சாரமும் ஓடும் நேரத்தில், வோல்டேஜ் இழப்பாக அளந்தால் மட்டுமே உண்மை தெரியும். இதை ஒவ்வொரு கார் உரிமையாளரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். தேவையில்லாமல் மாற்றப்படும் பேட்டரிகளும் மோட்டார்களும் இதனாலேயே பெருமளவு குறையும். ஆம்பியரை நேரடியாக அளக்கும் ஆசையில் மல்டிமீட்டரைப் பாதையின் நடுவே இணைத்துவிடக் கூடாது. 10 ஆம்பியருக்கான மீட்டர் அங்கே தாங்காது. அதற்கு டிசி மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். ஏசிக்கு மட்டுமான கிளாம்ப் மீட்டர் உதவாது.

1.1 வோல்ட் எங்கே தொலைகிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பதும் எளிது. பேட்டரி முனையிலிருந்து அதன் கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து கேபிளின் மறுமுனையில் போல்ட் மாட்டும் உலோக வளையமான லக்குக்கு, லக்கிலிருந்து கியர்பாக்ஸ் உடலுக்கு என்று மீட்டரின் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினேன். முதல் இரண்டு இடங்களிலும் நூற்றில் சில பங்குகள்தான். லக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, ஒரே போல்ட்டின் கீழே, கிட்டத்தட்ட ஒரு வோல்ட் தொலைந்தது. அளந்து முடித்ததும் அந்த லக்கைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது. 120 ஆம்பியரும் ஒரு வோல்ட்டும் சேர்ந்தால் 120 வாட். அந்தச் சூடு முழுவதும் நகத்தளவு இடத்தில் பிறந்துகொண்டிருந்தது.

போல்ட்டைக் கழற்றியபோது, வெளியே நன்றாகவே தெரிந்த அந்த இணைப்பின் அடியில், அலுமினியத்தின் மேல் சுண்ணாம்பு படிந்தாற்போல வெள்ளைப் பொடியும், லக்கின் அடிப்பக்கத்தில் பச்சைக் களிம்பும் ஒட்டியிருந்தன. போல்ட்டின் தலை தொட்ட வட்டம் மட்டும் கொஞ்சம் பளபளத்தது; மின்சாரம் அந்த விளிம்பு வழியாகவே போயிருக்கிறது. செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பது கடலோர ஊர்களில் எல்லா உலோக வேலைக்காரர்களும் அறிந்ததுதான். எமரி தாளால் இரு பக்கமும் உலோகம் மின்னும் வரை தேய்த்து, லக்கை வெள்ளீயப் பூச்சுள்ள புதியதாக மாற்றி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கினேன். இறுக்கிய பிறகே அதன் மேல் வாசலைனைத் தடிமனாகப் பூசினேன். வெளியிலிருந்து ஈரம் உள்ளே போகாமல் அது தடுக்கும். திரும்ப அளந்ததில் எர்த் இழப்பு 0.1 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. என்ஜின் சுற்றும் ஓசையே மாறிவிட்டது.

இந்த எர்த் கேபிள் முற்றிலும் கெட்டுப்போகும் வண்டிகளில், மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் ஆகியவற்றின் இரும்பு உறை வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்த பின் அந்த கேபிள்கள் சுட்டாலோ, காரணமின்றி இறுகினாலோ, முதலில் எர்த்தைப் பார்க்க வேண்டும்.

காலை நேரத்துத் தொல்லை இதோடு தீர்ந்தது. மதிய நேரத்து ‘டிக்’ தீரவில்லை. சூடான வண்டி மட்டும் ஏன் மறுக்கிறது என்பதற்கு விளக்கம் செம்பின் குணத்தில் இருக்கிறது. செம்பின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அதன் தடை ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். என்ஜினை ஒட்டியிருக்கும் சொலினாய்டு 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், சுருளின் தடை சுமார் 20 சதவீதம் ஏறிவிடும். அதே வோல்டேஜில் ஓடும் மின்சாரம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். குளிர்ந்தபோது மயிரிழையில் தப்பித்துக்கொண்டிருந்த சொலினாய்டுக்கு, சூட்டில் பிளஞ்சரை முழுவதும் இழுக்கும் வலு இருக்காது. வண்டி ஆறியதும் கிளம்புவதன் காரணம் இதுதான். சூடான நேரத்துப் பழுது என்றதும் மோட்டாரைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. சொலினாய்டுக்கு வரும் வோல்டேஜை அளந்தால் உண்மையான இடம் தெரிந்துவிடும்.

ஒரு நண்பகலில் வண்டியை நன்றாக ஓட்டி வந்து, ‘டிக்’ வந்த அந்த நேரத்திலேயே அளந்தேன். சொலினாய்டில் மெல்லிய வயர் மாட்டும் முனையில், பல வண்டிகளில் 50 என்று எண் பொறித்திருக்கும் அந்த இடத்தில், சாவியைத் திருப்பிப் பிடித்தபோது 7.6 வோல்ட் மட்டுமே வந்தது. அதே நேரத்தில் பேட்டரியில் 11.9. ஸ்டியரிங்கின் கீழ்மூடியைக் கழற்றி, சாவி சுவிட்சின் இணைப்பானுக்குப் பின்புறமாக குண்டூசி செருகி அளந்ததில், சுவிட்சுக்குள் நுழையும் வயரில் 11.3 வோல்ட்டும், வெளியேறும் வயரில் 9.4 வோல்ட்டும் இருந்தன. ஆக, சுவிட்சின் தேய்ந்த முனைகளில் 1.9 வோல்ட் தொலைகிறது. அங்கிருந்து சொலினாய்டு வரை, நடுவில் பழுப்பேறிய ஓர் இணைப்பானையும் சேர்த்து, இன்னும் 1.8 வோல்ட் தொலைகிறது. இந்தச் சோதனையில் சாவியை இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிளஞ்சர் முழுவதும் போய்ச் சேராத நிலையில் இரண்டு சுருள்களிலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருப்பதால், சொலினாய்டு வெந்துபோகும்.

பழைய வண்டி என்பதால், சொலினாய்டு இழுக்கும் பத்துப் பதினைந்து ஆம்பியரும் நேராகச் சாவி சுவிட்ச் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. சுவிட்சை மாற்றினால் சில ஆண்டுகள் தாங்கும்; ஆனால் அதே சுமை புதிய சுவிட்சையும் தின்னும். அதனால் இடையில் ஒரு ரிலே, அதாவது சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச், வைக்க முடிவு செய்தேன். ஹாரனுக்கும் ஹெட்லைட்டுக்கும் போடும் அதே சதுர ரிலே, 12 வோல்ட், 40 ஆம்பியர். சொலினாய்டுக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வயரைக் கழற்றி ரிலேயில் 86 என்று எண்ணிட்ட முனையில் மாட்டினேன். 85ஐப் பாடி எர்த்தில் கொடுத்தேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து, பேட்டரியின் அருகிலேயே 30 ஆம்பியர் பியூஸ் வைத்து, 4 சதுர மில்லிமீட்டர் வயரை 30 என்ற முனைக்கும், அதே தடிமனில் 87இலிருந்து சொலினாய்டுக்கும் இழுத்தேன். ரிலேயின் சுருள் இழுப்பது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அளவுக்குப் பழைய சுவிட்சும் பழைய வயரும் தாராளம். அவற்றின் தடை அப்படியே இருந்தாலும், தொலையும் வோல்டேஜ் கவனிக்கத்தக்கதாக இருக்காது. இப்போது வெயிலில் நிறுத்திய வண்டியிலும் சொலினாய்டுக்கு 11 வோல்ட்டுக்குக் குறையாமல் கிடைக்கிறது.

இந்த வேலைகளையெல்லாம் முடித்த பிறகு, பல காலமாக ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் தெரு அண்ணாச்சி ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். செல்ஃப் அடிக்கச் சொல்லிக் கேட்டவர், “மோட்டார் நல்லாத்தான் இருக்கு தம்பி. அதுக்கு கரண்டுதான் ஒழுங்கா வந்து சேர மாட்டேன்னு இருந்திருக்கு” என்றார். பிரஷ் தேய்ந்த மோட்டாரைச் சுத்தியலால் தட்டினால் ஓரிரு தடவை ஓடும், அதை வைத்துப் பழுதை உறுதிப்படுத்தலாம் என்றும், ஆனால் நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டாரைப் பலமாகத் தட்டினால் காந்தம் விரிசல் விட்டுவிடும், ஸ்பேனரின் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் போதும் என்றும் சொன்னார். சொலினாய்டின் தடித்த முனைகளை ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தொட்டு மோட்டாரை ஓடவிடும் பழக்கத்தை அவர் அறவே வெறுக்கிறார். தீப்பொறியில் ஸ்க்ரூடிரைவரின் முனை உருகி ஒட்டிக்கொள்வதையும், கியரில் கிடந்த வண்டி ஆள் மேல் ஏறியதையும் கண்டவர் அவர். நேரடிச் சோதனை தேவைப்பட்டால், வண்டி நியூட்ரலில் இருப்பதை மறுபடி பார்த்துக்கொண்டு, பியூஸ் வைத்த வயர் ஒன்றால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து மெல்லிய முனைக்கு மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும். அப்போது என்ஜின் நன்றாகச் சுற்றினால் பழுது சாவிப் பாதையில் இருக்கிறது; சுற்றாவிட்டால் சொலினாய்டிலோ மோட்டாரிலோ தடித்த கேபிள்களிலோ இருக்கிறது.

ரிலே சேர்ப்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரும், பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வசதியும், கணினிக் கட்டுப்பாடும் உள்ள கார்களில் ரிலே ஏற்கெனவே பியூஸ் பெட்டியில் இருக்கும். அங்கே வயரை வெட்டி ஒட்டுவது வேறு கோளாறுகளை வரவழைக்கும். அத்தகைய கார்களில், அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயை இடம் மாற்றிப் பார்ப்பதும், கிளட்ச் மிதியின் சுவிட்சை, ஆட்டோமேட்டிக் என்றால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிச் சோதிப்பதும் வீட்டில் செய்யக்கூடியவை. ஆனால் எர்த் இழப்பையும் பாசிட்டிவ் இழப்பையும் அளக்கும் முறை எந்தக் காருக்கும் ஒன்றுதான். புதிய காரில் அது இன்னும் முக்கியம், ஏனென்றால் வோல்டேஜ் சரிந்தால் அதன் கணினிகளும் தடுமாறும்.

மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் இந்த வோல்டேஜ் அளவுகளை எடுத்து, பானெட்டின் உட்புறம் ஒட்டிய தாளில் எழுதி வைக்கிறேன். எர்த் இழப்பு 0.2 வோல்ட்டை எட்டினால் போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது என்று வைத்திருக்கிறேன். ரிலேயை மழைநீர் படாத உயரத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தியிருக்கிறேன். அதன் உள்முனைகள் என்றைக்காவது ஒட்டிக்கொண்டால், சாவியை எடுத்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது 30 ஆம்பியர் பியூஸை உடனே பிடுங்க வேண்டும். அதனால் அந்த பியூஸின் மூடியில் சிவப்பு டேப் சுற்றி, அது எங்கே இருக்கிறது என்பதை வண்டி ஓட்டும் எங்கள் வீட்டார் எல்லோருக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.